பதினேழாம் எண் பாறை

கணவரின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களுக்கெல்லாம் நினைவு அட்டையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய லிடியா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாமித் போனில் வந்தான். ஞாயிறுதோறும் அவள் கணவர் பிரிட்டோ வாத்தியாரோடு சிறுமலைக் கெவிப் பள்ளத்துக்குள் நடக்கப் போய்க்கொண்டிருந்தவன். ஊருக்குள் தோல் வியாபாரம்.

"மதினி, அந்தப் படத்தயா போட்டீங்க?"

"அவரு போன்ல கடைசியா இருந்த படம். ஏன் தம்பி?"

"பூவுக்குக் கீழ பாருங்க. பாறை நம்பர் தெரியுது. அண்ணன் அத வெட்டிட்டுத்தான் யாருக்கும் அனுப்புவாரு. ஆர்க்கிட் செடியப் பேத்துட்டுப் போயி தொட்டியில வைக்கிறவன் ஊருல கம்மியா?"

லிடியா அட்டையைப் புரட்டினாள். ஒரு பக்கம் பிரிட்டோவின் சிரிப்பு, அடியில் பிறந்த நாள், கடைசி வரியில் இறந்த நாள். மறுபக்கம் பாசிப்பாறையில் வெள்ளைப் பூங்கொத்து. அதன் கீழே மஞ்சள் பெயிண்டில் 17. நடப்பவர்களுக்கு வழி தெரிவதற்காக எழுதியிருந்த எண். அந்தச் செடி பூக்கட்டும் என்று ஆறு வருடம் காத்திருந்தார். பூத்த மறுவாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவள் இருநூறு அட்டை அடித்து ஊருக்கே வழி காட்டிவிட்டாள்.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்தது. பூட்டிய கதவை இரண்டு முறை திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு ஹாமித்தோடும் அவன் மனைவி ஷமாவோடும் கெவிக்குள் இறங்கினாள். மழைத் தண்ணீர் பாறை பாறையாக விழுந்து ஓடியது. கூந்தல்பனை ஓலைகளுக்கு மேலே மலையணில் ஒன்று வால் தொங்கக் கிளை தாவியது. எங்கோ பூங்குருவி விசிலடித்தது. பிரிட்டோ என்றால் பத்தடிக்கு ஒரு தடவை நின்றிருப்பார். லிடியா நிற்கவில்லை.

"மதினி, செத்த நேரம் மூச்சு வாங்கிக்கிறேன்," என்றாள் ஷமா. "நீங்க போற வேகத்துக்குக் காட்டுமாடே ஒதுங்கி வழி விடும்."

"இவ மூச்சு வாங்குற சத்தத்துக்கே அது ஓடிப் போயிருக்கும்," என்றான் ஹாமித்.

பதினாலு. பதினஞ்சு. பதினாறாம் எண்ணுக்கு அப்புறம் லிடியா ஓடியே போனாள்.

செடி இருந்தது. யாரும் பேர்த்துக்கொண்டு போகவில்லை. ஆனால் அதன் காலடியில் ஏழெட்டு மெழுகுவர்த்திகள் எரிந்து உருகியிருந்தன. ஒரு பக்கத்து இலைகள் கருகி, வேரின் மேல் மெழுகு வெள்ளையாக உறைந்திருந்தது. செவ்வந்தி மாலை ஒன்று. கல்லில் சாய்த்து வைத்த நினைவு அட்டையின் ஓரத்தில் பேனா எழுத்து: 'எங்க சாருக்கு, பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு.'

"களவாணி வரல," என்றான் ஹாமித் மெதுவாக. "நம்ம பிள்ளைகதான்."

ஷமா பாறையையே பார்த்தாள். "மதினி, வர்ற வாரம் கல்லறைத் திருநாள்ல? அம்புட்டுப் பேரும் மெழுகுவத்தியோட இங்க வந்துட்டா?"

லிடியா பாறையருகே குனிந்தாள். கொண்டை ஊசியை உருவி, வேரில் ஒட்டிய மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். பிழைக்கும்போலத்தான் தெரிந்தது. இன்னொரு தடவை தாங்காது.

அன்று சாயங்காலமே கத்தரிக்கோலோடு கிளம்பினாள். முதலில் பி பிரிவுப் பிள்ளைகளின் வீடுகள். "சாரக் கும்பிட கல்லறைக்குப் போங்கப்பா, அந்தப் பாறை வேணாம்," என்று சொல்லிச் சொல்லி ஒவ்வோர் அட்டையிலும் எண்ணை நறுக்கினாள். அடுத்த தெரு லூர்தம்மாள் மட்டும் பைபிளுக்குள் இருந்த அட்டையைத் தர மறுத்தாள்.

"செத்தவரு படத்தத் திருப்பிக் கேப்பாகளாத்தா? நல்லா இருக்கா இது?"

"திருப்பிக் கேக்கல சித்தி. அடியில ஒரு விரக்கட அளவு வெட்டிட்டுத் தந்துர்றேன்."

லூர்தம்மாள் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். "ஏத்தா, நம்பர வெட்டுனா பின்னால அவரு எறந்த தேதியும்ல போயிரும்?"

லிடியாவின் கை ஒரு கணம் நின்றது. இத்தனை வீட்டில் அவள் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"போகட்டும் சித்தி," என்று அட்டையை வாங்கி எண்ணுக்கு மேலாகக் கத்தரிக்கோலை வைத்தாள்.