வடக்கே போன ஐந்தாம் நம்பர் ஷூ

இறந்தவர்கள் எல்லோரும் போகிற தெற்குத் திசைக்குப் போகாமல் ஈஸ்வரி வடக்கே போய்விட்டாள் என்பது, அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளத்தூரில் தெரியவந்தது. 2023ஆம் ஆண்டு, மாசி மாதக் கடைசி. தப்பு அவள்மேல் இல்லை. போகிற வழியில் கால் சுடாமல் இருக்க ஒரு ஜோடி செருப்பும், வெயிலுக்கு ஒரு குடையும் காரியத்தில் தானம் கொடுப்பது வழக்கம். அழுது முகம் வீங்கிப்போயிருந்த அவளுடைய கணவர் மலையாண்டி புதுச் செருப்பு வாங்க மறந்துவிட்டார். குருக்கள் கார்த்திகேய சிவம் கையை நீட்டியபோது, பீரோவுக்குமேல் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்த நீலநிறக் கேன்வாஸ் ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் நம்பர். இமயமலை அடிவாரத்து யாத்திரைக்கென்று ஈஸ்வரி ஆசையாக வாங்கி வைத்தது. மலையேறுகிற ஷூவைக் கொடுத்து அனுப்பினால் யார்தான் தெற்கே போவார்கள்? குருக்கள் அதை ஒரு பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனார். வீடு போய்ச் சேர்ந்தபோது பை மட்டும் இருந்தது. மறுநாள் காலை ஷூ மலையாண்டியின் வாசற்படியில் தொப்பலாக நனைந்து கிடந்தது. பள்ளத்தூரில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஷூவின் அடியில் கறுப்பு மண்ணும், ஊசி ஊசியாகப் பச்சை இலைகளும் ஒட்டியிருந்தன. தேவதாரு என்று மலையாண்டி வாசனையிலேயே கண்டுபிடித்தார். பதினான்கு வருஷம் அந்த வாசனைக்கு நடுவில்தான் அவர் வெங்காயம் வதக்கியிருக்கிறார்.

மலையாண்டி யாத்திரைச் சமையல்காரர். காரைக்குடி அருள்பாண்டி ஆண்டுதோறும் சித்திரையில் நாற்பத்திரண்டு பேரை ரயிலேற்றி, உத்தராகண்டில் அல்மோரா மாவட்டத்துப் பழைய கோவில்களுக்குக் கூட்டிப்போவார். நம் ஜனங்கள் இமயமலையைக் கண்ணாரக் கண்டாலும், மத்தியானம் சாம்பார் இல்லையென்றால் கண்டதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் அரிசி, புளி, அண்டா, அடுப்பு, மலையாண்டி எல்லாம் கூடவே போகும். பொழுது விடிந்ததும் கூட்டம் விடுதியிலிருந்து ஜாகேஷ்வர் கோவில்களுக்கு நடந்து போகும். தேவதாருக் காட்டுக்கு நடுவில் சின்னதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட கற்கோவில்கள், பக்கத்திலேயே ஓடை என்று நோட்டீஸில் போட்டிருக்கும். மலையாண்டிக்கும் அந்த நோட்டீஸ் வழியாகத்தான் தெரியும். அவர் விடுதிக்குப் பின்புறம் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை இட்லிக் கொப்பரையைக் கழுவிவிட்டு மத்தியான உலையை ஏற்றிக்கொண்டிருப்பார். பதினான்கு தடவை போனார். ஒரு கோவிலைக்கூடப் பார்க்கவில்லை.

முதல் வருஷம் திரும்பி வந்ததும் ஈஸ்வரி எதிரே உட்கார்ந்து, "என்னென்ன பாத்தீக?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பந்தியில் யாத்ரீகர்கள் பேசியதைச் சொல்லலாமென்றால், அவர்கள் பேசியதெல்லாம் முட்டிவலியும் கழிப்பறையும். ஆகவே மலையாண்டி தானே ஒன்றைத் தயாரித்தார். கோவிலுக்குப் பின்னால் ஓடையோரம் இட்லிக் கொப்பரை அளவில் ஒரு மணி தொங்குகிறது, அதை அடித்து மனசுக்குப் பிடித்தவர் பேரைச் சொன்னால் எதிரே இருக்கிற மலை மூன்று தடவை திருப்பிச் சொல்லும் என்றார்.

"நீங்க யாரு பேரச் சொன்னீக?"

"ஒம் பேரத்தான்."

ஈஸ்வரி அன்றைக்கு எந்த வேலையும் செய்யவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும், "இந்தத் தடவையும் அடிச்சீகளா?" என்பாள். அடித்தேன் என்பார். என்னையும் ஒருதரம் கூட்டிப்போங்க என்பாள். அடுத்த வருஷம் என்பார். போனால் மணி இல்லை என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் காரணம். பதினைந்தாம் வருஷம், கோயம்புத்தூரில் வேலையிலிருக்கும் மகள் சத்தியப்பிரியா அப்பாவைக் கேட்காமலே அம்மாவுக்கு ஓர் இடம் பிடித்துவிட்டாள். ஈஸ்வரி பக்கத்து வீட்டு சைதுன் பீவியைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போய் ஷூ வாங்கி வந்தாள். பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். டாக்டர் கையை விரித்ததும், மணி விஷயம் இனிமேல் வெளியே வராது என்று ஒரே ஒரு விநாடி மலையாண்டியின் மனசு நிம்மதிப்பட்டது. அந்த ஒரு விநாடிக்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

அந்த வருஷ யாத்திரைக்கு அவர் போகவில்லை. ஷூ போயிற்று. அமாவாசைக்கு அமாவாசை வாசற்படியிலிருந்து காணாமல் போகும், மூன்றாம் நாள் திரும்பி வரும். ஆடியில் அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தது. மார்கழியில் லேஸ் போடுகிற துளைகளில் பனிக்கட்டி இருந்தது, தெருப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். காரைக்குடி பஸ் கண்டக்டர்கூட ஒரு மாதம் வண்டியை மெதுவாக்கி, அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார். சைதுன் பீவிதான் ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கழுவி வெயிலில் சாய்த்து வைப்பாள். தை மாதம் அப்படிச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தவள், "ஒன்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீக அண்ணே. ஒரே கோயிலுக்கு எதுக்கு மாசாமாசம் போறா? ஒரு எடத்த ஒரு தடவ பாத்தா போதும்னு சொல்லுவா ஈஸ்வரி. அவ எதையோ தேடுறாண்ணே, கெடைக்கமாட்டேங்குது" என்றாள். மலையாண்டி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். எதைத் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அவர் வைத்த மணியைத்தான் தேடுகிறாள். உயிரோடு இருந்தபோது ஏமாற்றியது போதாதென்று, செத்தபிறகும் அவளைக் காடு மேடெல்லாம் அலையவிட்டிருந்தார்.

2024 சித்திரையில் மலையாண்டி மறுபடியும் அண்டாவோடு ரயிலேறினார். கிளம்பிய அன்றைக்கே ஷூவும் வாசற்படியில் இல்லை. ஜாகேஷ்வரில் காலைப் பந்தி முடிந்ததும், உடன் சமைக்கிற உதயகுமாரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, பதினாறு வருஷத்தில் முதல்முறையாக மலையைப் பார்த்துத் திரும்பி நடந்தார். கோவில் வாசலில் மற்றவர்கள் செருப்புக் கழற்றிய இடத்தில் நீல ஷூ ஓரமாக, ஒழுங்காக, ஜோடியாக இருந்தது. தொட்டுப் பார்த்தார். உள்ளே சூடு இருந்தது. ஓடினார். கல்தரையில் ஈரக்காலடிகள் இருந்தன. இடதுகால் சுண்டுவிரல் தரையில் படாத காலடி, அம்மி விழுந்து நசுங்கிய ஈஸ்வரியின் விரல் அது. காலடிகள் எந்தச் சன்னதியிலும் நின்றதாகத் தெரியவில்லை. அத்தனை கோபுரங்களையும் தாண்டி நேராகக் கோவிலுக்குப் பின்னால், ஓடையோரத்துக்குப் போயிருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. பாறை, தண்ணீர், மரங்கள். காலடிகள் அங்கே இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு என்று நடந்து நடந்து தரையே சேறாகியிருந்தது. ஓரிடத்தில் பாதத்தின் முன்பகுதி மட்டும் பதிந்திருந்தது. கிளைகளுக்கிடையில் மணி தொங்குகிறதா என்று எக்கிப் பார்த்திருக்கிறாள்.

மலையாண்டி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஈஸ்வரி, தேடாத தாயி. மணி இல்ல. நான் இங்குட்டு வந்ததே இல்ல. ஒரு கோயிலும் பாக்கல, ஒன்னும் பாக்கல. அடுப்படியிலதான் கெடந்தேன்" என்றார். ஓடை அதுபாட்டுக்கு ஓடியது. புதிதாக ஒரு காலடியும் விழவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு அவர் செருப்புக் கழற்றிய இடத்துக்குத் திரும்பினார். நீல ஷூ அங்கே இல்லை. இனிமேல் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, வழிநெடுக யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுதுகொண்டே விடுதிக்கு நடந்தார்.

உதயகுமார் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, யாரோ ஒரு அம்மா ஷூவ இங்குட்டு விட்டுட்டுப் போயிருக்காக. தண்ணி எடுத்துட்டு வந்து பாக்குறேன், இருக்கு" என்றான். அடுப்புக்குப் பக்கத்தில், மலையாண்டி பதினான்கு வருஷம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், நீல ஷூ அடுப்பைப் பார்த்தபடி இருந்தது. ஈஸ்வரி கடைசியில் அவர் உண்மையாகவே பார்த்த ஒரே இடத்தைப் பார்க்க வந்திருந்தாள். மலையாண்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இட்லிக் கொப்பரையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, கரண்டியால் ஓங்கி ஓர் அடி அடித்து, "ஈஸ்வரி" என்று கத்தினார். எதிர்மலை ஈஸ்வரி என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஈஸ்வரி என்றது. மூன்றாவது தடவை, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னது. சத்தம் கேட்டு, சாப்பாடு ஆகிவிட்டதென்று நாற்பத்திரண்டு பேரும் தட்டோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்ற உமையாள் ஆச்சி, "யாருப்பா அந்த ஈஸ்வரி, மலையே இப்புடிக் கூப்புடுது? மொதல்ல அவுகளச் சாப்புடச் சொல்லு, பாவம்" என்றார். மலையாண்டி ஒரு தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறினார். திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதற்குப்பின் அமாவாசைகளில் ஷூ எங்கும் போவதில்லை. சித்திரையில் மட்டும் போகிறது. கொப்பரையை அடித்து ஈஸ்வரி பேரைச் சொல்லித்தான் பந்திக்குக் கூப்பிடுவது அருள்பாண்டியின் யாத்திரையில் வழக்கமாகிவிட்டது, நோட்டீஸிலும் போட்டுவிட்டார். நாற்பத்து மூன்று பேருக்கு உலை வைக்கிறார்கள். ஈஸ்வரியின் முகத்தை மலையாண்டி இதுவரை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை, பார்ப்போம் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. திரும்பி வரும் ஷூவில் இப்போது தேவதாரு இலை ஒட்டியிருப்பதில்லை. முனையில் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. சைதுன் பீவி அதைக் கழுவாமல், அப்படியே பீரோவுக்குமேல் எடுத்து வைத்துவிடுகிறாள்.