முதல்வரின் மூக்கு

கல்லூரியின் வரலாற்றை எழுதும் வேலை நூலகர் அம்மாவின் தலையில் விழுந்தது. எண்பது வருஷக் கதையில் முதல்வருக்கு வேண்டியதென்னவோ ஒரே வரிதான்: கல்லூரியைத் தொடங்கிய பாதிரியாருக்கு அவர் கொள்ளுப்பேரன். அது அச்சேறினால் ஆட்சிக் குழு பதவியை நீட்டிக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆதாரம்? சிற்றாலயத்தில் தொங்கும் பாதிரியார் படத்தின் மூக்கு! வருகிற விருந்தாளியை எல்லாம் அதன் கீழே நிறுத்தி, தன் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டுவார்.

கரையான் அரித்த சட்டத்தை மாற்ற நூலகர் அம்மா அந்தப் படத்தைக் கழற்றினார். பின்னால் பாதிரியாரே தன் கைப்பட எழுதியிருந்தார்: "நம் ஆலயத்துக்கு பெஞ்சு செய்த தச்சர்."

படத்தோடு நேரே முதல்வர் அறைக்குப் போனார்.

படித்ததும் முதல்வர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "யாருக்கும் தெரியாதுல்ல? பேசாம மாட்டிடுங்கம்மா."

"மாட்டிடலாம் சார். வரலாத்துல என்ன எழுத? இது உங்க மூக்குதான்னு ஊருக்கே காட்டிட்டீங்க. தச்சரோட கொள்ளுப்பேரன்னு போடட்டுமா?"

"விளையாடாதீங்க! மூக்கை வச்சு யாராவது வம்சம் சொல்வாங்களா?"

"அதைத்தான் சார் நானும் இத்தனை வருஷமா கேக்கணும்னு இருந்தேன்."

புத்தகத்தில் அந்த வரி வரவில்லை. தச்சருக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்தது. மாதக் கடைசியில் நடந்த வழியனுப்பு விழாவில், முதல்வர் உட்கார்ந்திருந்ததும் அந்தத் தச்சர் செய்த பெஞ்சில்தான்.