அறுந்த பெல்ட்டின் இரண்டு முனைகள்

விழுப்புரம் மாவட்டத்துக்குச் செல்போன் வந்த நாளிலிருந்து, தான் இருக்கும் இடத்தை உள்ளபடி சொல்லிவரும் மனிதன் ஒருவன்தான். அது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன். மற்றவர்கள் பாயில் புரண்டுகொண்டே "விக்கிரவாண்டி தாண்டிட்டேன்" என்பார்கள். பல் துலக்கும்போதே "பஸ் ஏறிட்டேன்" என்பார்கள். இந்த இனத்தைப் பற்றி எங்கள் பொறியியல் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் வாராவாரம் எழுதிவந்தேன். நல்ல வரவேற்பு. இரண்டு பேர் அடிக்க வந்தார்கள்.

2006இல் ஒரு சனிக்கிழமை, என் அக்கா ஜெசிக்குத் திண்டிவனத்தில் இன்டர்வியூ. அவள் நர்சிங் முடித்தவள். சவுதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அங்கே ஒரு லாட்ஜில் பன்னிரண்டு மணிவரை இருப்பார். விட்டால் அடுத்த வருஷம்தான். எங்கள் அப்பா ஞானராஜ் அவளுடைய சர்ட்டிபிகேட்டுகளோடு முதல் பஸ்ஸிலேயே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட்டார். எங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பைப் பார்த்திபன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"பஸ்ல எதுக்கு மாமா அல்லாடணும்? நம்ம ஜீப்லயே இட்டாந்து வுடறேன்."

பார்த்திபன் எதிர்வீட்டுக்காரன். அவன் அப்பா சக்கரபாணியின் வாடகை ஜீப்பை ஓட்டுகிறவன். என்னைவிட மூன்று வயது மூத்தவன் என்றாலும் என் உயிர் நண்பன். கேட்காததையும் சொல்லுவான். அவனுடைய மூலத்தைப் பற்றி அவன் டாக்டரைவிட எனக்கு அதிகம் தெரியும். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

வழியெல்லாம் நான்தான் ஏஜென்ட்டாக மாறி அக்காவைக் கேள்வி கேட்டுத் தயார்செய்துகொண்டு போனேன். அவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. பார்த்திபன் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். நண்பனின் அக்காமேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டி, நான்குவழிச் சாலைக்காக மண் கொட்டியிருந்த இடத்தில், பானெட்டுக்குள் யாரோ யாரையோ அறைந்ததுபோல ஒரு சத்தம். டேஷ்போர்டில் பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. அப்புறம் ஆவி. வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரமாகப் பார்த்திபன் வண்டியை நிறுத்தினான்.

"ரேடியேட்டர்ல தண்ணி இல்லடா. பேஜாரா பூட்ச்சி."

"காலையில நான்தானே ஊத்துனேன். கீழ ஒரு சொட்டு ஒழுகல."

மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல் படிப்பவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். நான் ரோட்டிலேயே பாடம் நடத்தினேன். விளக்கு எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, அதாவது டைனமோ சுற்றவில்லை. சூடு ஏறினால் தண்ணீர் பம்ப் சுற்றவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால், எல்லாவற்றையும் சுற்றவைக்கிற பெல்ட்தான் செத்திருக்க வேண்டும்.

"ஒரு செகண்டு ஸ்டார்ட் பண்ணு" என்றேன். இன்ஜின் ஓடியது. அதன் முன்னால் இருந்த ஃபேன், தாலுகா ஆபீஸ் ஃபேன்போல அசையாமல் நின்றது. பெல்ட் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

"கரெக்டா சொல்லிட்டடா" என்றான் பார்த்திபன். அவன் குரலில் மகிழ்ச்சி இல்லை. என் அறிவைக் கண்டு பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த வழியே நடந்து, ரோட்டோரத்தில் செத்த சாரைப்பாம்புபோலக் கிடந்த பெல்ட்டை எடுத்துவந்தேன். உள்பக்கம் ஒரு வெடிப்பு இல்லை. புதுசு. பழசாகி அறுந்திருந்தால் முனை முழுக்கப் பிசிறு பிசிறாக இருக்கும். இதில் முக்கால்வாசி வழுவழுவென்று நேர்கோடாக இருந்தது. மிச்சம் கால்வாசியில் மட்டும்தான் நூல் தொங்கியது. முக்கால்வாசியை யாரோ அறுத்துவிட்டிருக்கிறார்கள். மீதி தாங்கிய தூரம்வரை வண்டி வந்திருக்கிறது.

"இன்னா பண்றது மச்சான், விதி" என்றான் அவன்.

"விதிக்கு எதுக்குடா பிளேடு?"

அவன் கொல்லையைப் பார்த்தான். மல்லாட்டையின் விளைச்சலில் அவனுக்கு அதுவரை ஆர்வம் இருந்ததில்லை.

"சரி, ஸ்பேர் பெல்ட்ட எடு. உங்கப்பா சீட்டுக்குப் பின்னால எப்பவும் மாட்டிவெச்சிருப்பாரே."

"இல்லடா. எவனாவது எடுத்திருப்பான்."

கொக்கி காலியாக இருந்தது. வெயிலில் தொண்டை காய்ந்தது. அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். அவள் மடியிலிருந்த கைப்பையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் பாட்டிலை நீட்டினாள். பையின் ஜிப் பாதிதான் மூடியிருந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வளைவு எட்டிப் பார்த்தது. நர்ஸ் வேலைக்குப் போகிறவள் கைப்பையில் ஜீப்பின் ஃபேன் பெல்ட் எதற்கு என்று ஏஜென்ட் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. வழியில் நான் கேட்ட கேள்விகளில் இது இல்லை.

நான் கையை நீட்டினேன். அவள் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா" என்றாள் அக்கா.

"அவன் பெல்ட்டத்தானே கேட்டான்" என்று ஆரம்பித்த பார்த்திபன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சவுதி போவப் புடிக்கலன்னா அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு தபா சொன்னேன்டா. பயத்துல பேசுற, போனா சரியாப்பூடும்னாரு."

"அப்ப இன்டர்வியூல தப்பா பதில் சொல்றது."

"முடியாதுடா" என்றாள். அழுதுவிடுவாள்போல இருந்தது. "கேட்டா எனக்குப் பதில் வந்துடுது. வழியில பாத்தல்ல?"

உண்மைதான். எல்.கே.ஜி.யிலிருந்து அவளுக்கு அந்த வியாதி உண்டு.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"உன்கிட்டயா? திங்கக்கெழம காலேஜ் போர்டுல வந்திருக்கும்."

மறுக்க நினைத்தேன். ஆனால் தலைப்பு அப்போதே மனதில் வந்துவிட்டிருந்தது. அதைவிட வலித்தது பார்த்திபன் தலையாட்டியதுதான். இரண்டு வருஷமாக மூலத்தைப் பற்றி விரிவாகப் பேசியவன், இதற்கு மட்டும் என்னை நம்பவில்லை. எதிரெதிர் வீட்டிலிருந்த இரண்டு பேருக்கும் நடுவில், ஒன்றும் தெரியாத மின்கம்பம்போல நான் நின்றிருக்கிறேன். அவள் துணி காயவைக்க மாடிக்குப் போவதைக்கூட அப்பாவிடம் புகழ்ந்திருக்கிறேன்.

"ஸ்பேனர குடு" என்றேன்.

பார்த்திபன் கொடுத்தான். தடுக்கவில்லை. டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை மாட்டி, இழுத்து முடுக்க வேண்டியதுதான். இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் பத்து நிமிஷ வேலை. பன்னிரண்டுக்குள் போய்விடலாம். அக்கா எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுவாள். இந்த இரண்டு பேருக்கும் அதுதான் சரியான தண்டனை. குனிந்து போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். அக்கா ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது ரிசல்ட் அன்றுகூட அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன் அடித்தது. அப்பா.

"எங்கடா வந்துக்கினு இருக்கீங்க? ஏஜென்ட்டு கெளம்பறேங்கறாரு. வண்டி கிண்டி மக்கர்னா சொல்லு. இங்க நம்ம சிநேகிதன் ராயப்பன் கார் நிக்குது, வந்து இட்டாந்துடறேன். ஏஜென்ட்டயும் கையக் கால புடிச்சி உக்கார வெக்கறேன்."

பார்த்திபன் என் வாயையே பார்த்தான். அக்கா பார்க்கவில்லை.

"வேணாம்பா" என்றேன். "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டோம். இதோ வந்துக்கினே இருக்கோம்."

"வண்டி சத்தமே கேக்கலியேடா?"

"புது ரோடுப்பா. ஸ்மூத்தா போவுது."

அப்பா பக்கத்தில் இருந்த யாரிடமோ, "எம்புள்ள தாண்டிட்டேன்னா தாண்டியிருப்பான் சார்" என்று சொல்வது கேட்டது.

நான் ஸ்பேனரை மட்கார்டின்மேல் வைத்தேன்.