நிறுத்தக் கூடாத வண்டி

சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் டிக் என்றது கார். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். அதே பாட்டு. மணி எட்டரை. பதினொன்றுக்கு என் வீட்டுக்காரர் விமானத்திலிருந்து இறங்குகிறார், இரண்டு வருஷம் கழித்து.

வீட்டுக்குள் மாமியார், இரண்டு நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று பதினோரு பேர் காத்திருந்தார்கள். போன தடவையும் இப்படித்தான். டாக்சியில் வந்து இறங்கிய மனுஷனை வாசலிலேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். பத்து நாள் லீவில் என் பங்குக்கு வந்தது அவருடைய கொட்டாவி மட்டும்தான். இந்தத் தடவை விடுவதாக இல்லை. ஆறு மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அவருக்குத் தெரியாது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷம் அவர் எனக்கு வேண்டும், குறுக்கே யாரும் இல்லாமல். வேறெதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "கிளம்பலைன்னா டாக்சி சொல்லிடவாம்மா? சின்னவளும் பசங்களும் கூட வரேங்கறாங்க."

"கிளம்பிடும் அத்தை," என்றேன். சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

அங்கே இருக்கும் மெக்கானிக்குக்குத் தெருவே வைத்த பெயர் 'பொறுமை'. தலை போகிற அவசரமென்றாலும் கையைத் துடைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். வந்தார். துடைத்தார்.

"ஹெட்லைட்டப் போடுங்கம்மா."

மங்கலாக எரிந்தது.

"இப்ப சாவியத் திருப்புங்க."

திருப்பினேன். இருந்த வெளிச்சமும் செத்துப்போனது.

"ஒரே ஒரு டிக்கோட நின்னா ஸ்டார்ட்டர் மோட்டாரச் சந்தேகப்படலாம். இப்படிப் படபடன்னு அடிச்சா, ஒண்ணு வயர் சரியாப் பிடிக்கல, இல்ல பேட்டரில தெம்பு இல்ல. ரெண்டையும் பாத்துருவோம்."

"சீக்கிரம் பாருங்கண்ணே. நேரமாவுது."

"ஒண்ணொண்ணாத்தாம்மா பாக்கணும்."

பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினார், வெந்நீர் கேட்டு வாங்கிக் கழுவினார், காயவிட்டார், நட்டை முறுக்கினார். டிக் டிக் டிக். மீட்டரை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வயர் சரியா இருக்கு. பேட்டரிதான். வண்டிய எப்படி ஓட்டுவீங்க?"

"ஓட்டவே இல்லண்ணே. வாரா வாரம் ஸ்டார்ட் மட்டும் பண்ணுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். புகை வருதுன்னு மாடிக்காரம்மா சத்தம் போடுவாங்க."

வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் போன் செய்வார். பேட்டரி செத்துவிடக் கூடாது, ஸ்டார்ட் பண்ணிப் போடு என்பார். போனை பானெட் மேல் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்வேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வராது, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நூறு வெள்ளிக்கிழமை தவறாமல் செய்திருக்கிறேன்.

"அட என்னம்மா நீங்க," என்றார் பொறுமை. "ஸ்டார்ட் பண்றப்போ எடுத்த கரண்ட்ட திரும்ப ஏத்தணும்னா வண்டி ரோட்ல நல்லா ஓடணும். ரெண்டு நிமிஷத்துல என்ன ஏறும்? பட்டினி போட்டே கொன்னுட்டீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேட்டரிக்காக இல்லை. வாரத்துக்குப் பத்து நிமிஷப் பேச்சு, அதிலும் இரண்டு நிமிஷம் இன்ஜினுக்கு. என் குரலை ஒரு நாளாவது அவர் அப்படிக் காது கொடுத்துக் கேட்டிருப்பாரா என்று ரொம்ப நாளாகவே எனக்கு ஆத்திரம்.

பொறுமை தன் வேனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் கேபிள் மாட்டினார். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு திருப்பினேன். ஒரு உதறல் உதறிவிட்டுக் கிளம்பியது.

"புது பேட்டரி சாயங்காலம்தான் கிடைக்கும். இது இனி எதையும் பிடிச்சு வைக்காது. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க."

நாத்தனார் சேலையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டேன்.

விமான நிலையத்தில் கார்கள் வரிசையாக ஊர்ந்தன. ஒரு காவலாளி பானெட்டைத் தட்டினார். "ஓடற வண்டிய விட்டுட்டு இறங்கக் கூடாதும்மா." சரி, இறங்கவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். இளைத்திருந்தார். கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தும் சட்டை தொளதொளவென்று தொங்கியது. யாரும் வர வேண்டாம், டாக்சியில் வந்துவிடுகிறேன் என்று சொன்ன மனுஷன், தடுப்புக் கம்பியை ஒட்டி நின்ற ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தார். கார்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஓட்டிக்கொண்டு வருவேன் என்று அவர் கனவா கண்டார்? ஹார்ன் அடித்தேன். எல்லாரும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். போன் செய்தேன், கிடைக்கவில்லை. கம்பியின் கடைசி ஆள் வரை பார்த்தார். முகம் வாடிப்போய் டாக்சிப் பக்கம் திரும்பினார்.

பாழாய்ப் போன இன்ஜின் என்று சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஓடினேன்.

சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பார்த்தார். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நீயா ஓட்டிட்டு வந்தே?"

"நான்தான். ஆனா இப்ப கிளம்பாது."

அவரை ஏற்றிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். கிளம்பவில்லை. டிக் டிக் டிக். காவலாளி திட்டிக்கொண்டே இரண்டு டிரைவர்களைக் கூப்பிட்டு, காரைப் பின்னாலிருந்து தள்ளி ஓரமாக ஒரு மரத்தடியில் கொண்டுபோய் விட்டார். வியர்வையைத் துடைத்தபடி ஜன்னலில் குனிந்தார்.

"செகண்டு கியர்ல போட்டுக்கச் சொல்லுங்க சார். ஆளுங்க இருக்கறப்பவே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டா கிளம்பிடும்."

"வேணாங்க," என்றார் என் வீட்டுக்காரர். "மெக்கானிக் வந்துட்டிருக்காரு."

காவலாளி போய்விட்டார். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ பேசு," என்றார்.