மஞ்சள் பிளக்

தேவேந்திரனின் வலது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கண்ணாடித் துணுக்கை இளவரசி ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் மயிருக்குள் கற்கண்டுத் தூள் மாதிரி இன்னும் கிடந்தது.

"விடு இளவரசி, குளிப்பாட்டும்போது போயிடும்" என்றாள் அங்கம்மாள். அவனுடைய அக்கா.

"குத்தும் அண்ணி."

அங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. வாசலில் பந்தல்காரனிடம் வேணுகோபால் சத்தம் போடுவது மட்டும் கேட்டது. இளவரசியின் தம்பி. பந்தல், ஐஸ் பெட்டி, மேளம் எல்லாவற்றையும் காலையிலிருந்து அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட உள்ளே வந்து மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாங்க மாட்டான் என்று இளவரசி நினைத்திருந்தாள்.

மூன்று வருஷமாக தேவேந்திரன் ஒரு டூர் கம்பெனிக்கு கேரவன் ஓட்டினான். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி. கோயில் பார்க்க வருகிற குடும்பங்கள் அதிலேயே சமைத்து அதிலேயே தூங்குவார்கள். வண்டியை நிறுத்தியதும் டிரைவர் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பினால் சாப்பாட்டு மேசைக்கு அது இன்னொரு நாற்காலி. வருகிற குழந்தைகளுக்கு அதில் உட்கார்ந்து சுற்றுவதுதான் விளையாட்டு.

போன மாதம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு ஆள் பெரிய பந்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற படம். சாவி போட்டதும் ஐந்தாறு நொடி எரிந்து அணைந்துவிட வேண்டும். அணையவில்லை.

"பந்துக்காரன் முழிச்சிக்கினே இருக்கிறான்டி. என் மேல அவ்ளோ அக்கறை. உனக்குக்கூட கெடையாது" என்று சிரித்தான்.

வேணுகோபால் ரயில்வே ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டான். சீட்டைத் திருப்பும்போதெல்லாம் அடியிலிருந்த ஒயர் முறுக்கிக்கொண்டு, மஞ்சள் பிளக்குக்குப் பக்கத்தில் இற்றுப்போயிருந்தது. ஒட்டவைத்தான். இரண்டு நாளில் விளக்கு திரும்பவும் எரிந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடியும் எரிந்தது. அதற்குள் தேவேந்திரன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். "மெட்ராசுல கம்பெனி ஷெட்டுக்காரன் எதுக்கு? என் மச்சான் ஒருத்தன் போதும்."

மூன்றாம் தடவை இளவரசிதான் டார்ச் பிடித்தாள். தேவேந்திரன் டீ வாங்கப் போயிருந்தான். தம்பி பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா குந்திக்கினு இருக்கற?"

"ஒயர்ல கரண்டு மிச்சம் இருக்கும்க்கா. அவசரப்பட்டுத் தொட்டா சீட்டுல இருக்குற காத்துப் பை என் மூஞ்சியிலேயே வெடிக்கும்."

பிறகு மஞ்சள் பிளக்கைப் பிரித்து, அரிசி அளவில், வரி வரியாக நிறம் போட்ட ஏதோ ஒன்றைச் சொருகி, கறுப்பு டேப் சுற்றினான்.

"இது என்னாடா?"

"புது பார்ட்டு. மெட்ராஸ்லருந்து வந்துச்சி. டார்ச்ச ஆட்டாத."

பேட்டரியைத் திரும்ப மாட்டி, கையிலிருந்த சின்ன சோதனைப் பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, வண்டியில் பதிவாகியிருந்த கோளாறை அழித்தான். டீயோடு வந்த தேவேந்திரன் சாவி போட்டுப் பார்த்தான். விளக்கு எரிந்தது, அணைந்தது.

"மச்சான், நெஜமா சரியாயிடுச்சா?"

"நான் சொன்னா சரிதான் மாமா."

தேவேந்திரன் டீயை முதலில் அவனுக்குத்தான் கொடுத்தான்.

பதினோரு நாள் கழித்து, நேற்று மதியம், முசரவாக்கத்துக்குத் திரும்புகிற இடத்தில் மணல் லாரி ஒன்று டிரைவர் கதவின் மேல் வந்து மோதியது.

பத்தரை மணிக்கு மயில்வாகனம் வந்தார். கம்பெனி ஷெட்டின் பெரிய மெக்கானிக். மாலையைப் போட்டார். பிறகு இளவரசிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாதும்மா. நேத்து வண்டிய நான்தான் இழுத்துக்கினு வந்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில யாராவது கை வெச்சாங்களா?"

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். அரிசி அளவில், வரி வரியாக.

"சீட்டு ஓரத்துல ஒரு காத்துப் பை வெச்சித் தெச்சிருக்குது. பக்கவாட்டுல இடிச்சா அது விரிஞ்சி, கதவுக்கும் ஆளுக்கும் நடுவுல நிக்கும். அந்த ஒயரக் கழட்டிட்டு இதச் சொருகி வெச்சிருக்கிறாங்க. பை இருக்குதுன்னு வண்டி நம்பிக்கும். வெளக்கு அணைஞ்சிடும். பை விரியாது."

"விரிஞ்சிருந்தா?"

"அத நான் சொல்ல முடியாதும்மா. இடிச்சது லாரி." கைக்குட்டையை மடித்தார். "சீட்டு திரும்புறதுக்குத் தக்கன தாராளமா விட்டு, புது ஒயர் இழுத்துக் கட்டணும். அரை நாள் வேல. அது வரைக்கும் வண்டிய எடுக்காம இருந்தா போதும். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."

இளவரசி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குளிப்பாட்டுவதற்கு வேணுகோபால் குழாயிலிருந்து தவலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மயில்வாகனம் வந்திருக்கறாரு" என்றாள்.

"பாத்தேன்."

"கைக்குட்டையில வெச்சிருக்கறாரு."

அவன் திரும்பவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தின் மேலேயே பேசினான். "மாமாதான்க்கா போடச் சொன்னாரு. டிரிப்பு போயிடும், வெளக்க மட்டும் அணைச்சிக் குடுன்னாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

தவலை நிறைந்து வழிந்தது. குழாயை அவள் மூடினாள்.

"மாமா டீக்குப் போயிருந்தாருடா. டார்ச்ச புடிச்சிக்கினு இருந்தது நானு."

அவன் தவலையைத் தூக்கினான். அவள் உள்ளே வந்து தேவேந்திரனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மயில்வாகனம் போய்விட்டிருந்தார். அவர் கேட்டதற்குத் தான் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலிலேயே குளிப்பாட்டி, அங்கேயே பாடையில் கிடத்தினார்கள்.

"பொறந்த வூட்டுக் கோடி எங்கப்பா? நேரமாவுது!" என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

உடலை எடுக்கும் முன் அண்ணனோ தம்பியோ கோடி என்கிற புதுப் புடவையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட வேண்டும். அவள் அதன் முந்தியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். புருஷன் போனாலும் பிறந்த வீடு இருக்கிறது என்று ஊரார் முன்னால் அவள் ஏற்றுக்கொள்வது அது.

வேணுகோபால் தாம்பாளத்தோடு வந்தான். அரக்கு நிறம். அவர்கள் பிறந்த வீட்டுத் தறியில் போன வாரம் நெய்து அறுத்த பட்டு. அவள் தோளில் போட்டான்.

இளவரசி பிடிக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது. பட்டு மெல்ல வழுக்கிக்கொண்டு தரையில் இறங்கியது.

"புடிச்சிக்கோ இளவரசி" என்று அங்கம்மாள் எடுத்து மறுபடி போட்டாள்.

மறுபடியும் வழுக்கியது. தரையில் குளிப்பாட்டிய ஈரம் இன்னும் காயவில்லை.

"பாவம், கையில தெம்பில்ல அதுக்கு" என்றாள் ஒருத்தி.

வேணுகோபால் குனிந்து புடவையை எடுத்தான். ஈரத்தை உதறினான். மடிக்கப் பார்த்தான், மடிப்பு எங்கே என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பிடித்தான். சங்கு ஊதினார்கள். ஆட்கள் பாடையைச் சுற்றி நின்று குனிந்தார்கள். வலது பக்கம், முன்னால், ஒரு தோள் குறைந்தது.

"வேணு எங்கப்பா? வேணு!"

அவன் அந்த ஈரப் பட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவர்கள் வேறு ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.