வார்கெல் சொல்ல வந்தது

ராஜபாளையத்தில் தன்னைக் கேட்காமல் யாரும் எந்தத் தொடரையும் பார்ப்பதில்லை என்று பாலகணேஷ் நம்பிக்கொண்டிருந்தான். உண்மை என்னவென்றால், நூற்பாலையில் அவனோடு வேலை பார்க்கிற நாலைந்து பேர் சாப்பாட்டு வேளையில், "பாக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்பார்கள். அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொறவு தங்களுக்குப் பிடித்ததைப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்கிறவனுக்குக் கேட்க ஆள் இருந்தால் போதும், கேட்டபடி நடக்கிறார்களா என்பதெல்லாம் அடுத்த விஷயம்.

'ஆர்மூன் கேட்' என்கிற வீடியோ கேமை வைத்து ஒரு அனிமே தொடர் வந்தபோது அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. வருஷக்கணக்காக அந்த விளையாட்டை ஆடுகிறவன் அவன். முதல் இரண்டு எபிசோடு பார்த்தான், மூன்றாவதில் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"பாக்காதீக. கதையவே மாத்தித் தொலைச்சுட்டானுக," என்று மறுநாள் சாப்பாட்டு வேளையில் தீர்ப்பு வந்தது.

விஷயம் இதுதான். கேமில் வார்கெல் என்று ஒருத்தன். கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட துரோகி. அவனை வெட்டி அவனுடைய வாளை எடுத்தால்தான் மேற்கொண்டு போக முடியும். பாலகணேஷ் அவனை வெட்டியதற்குக் கணக்கே கிடையாது. தொடரில் என்னடாவென்றால், அந்தத் துரோகியை நல்லவனாக்கி, அவனுக்கு ஒரு அம்மாவையும் கொடுத்து, ஆற்றங்கரையில் உட்கார்த்தி அழ வேறு வைத்திருந்தார்கள். பாலகணேஷுக்கு அது சொந்த அவமானம்.

இப்படியிருக்கையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்க்கப் போனார்கள். பெண் சிவரஞ்சனி, அங்கே ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். காப்பி குடித்து முடித்ததும், "செத்த நேரம் பேசிக்கிடட்டும்," என்று இரண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

பாலகணேஷுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துவிட்டது. வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று மாடிப்படி ஏறும்போதே பயமும் வந்துவிட்டது. மேலே போனதும் அவள்தான் முதலில் பேசினாள்.

"உங்களுக்கு கேம் பிடிக்கும்னு சொன்னாக. நான் ஆர்மூன் கேட் தொடர் முழுசும் பாத்தேன். நீங்க பாத்தீகளா?"

இந்த அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தான் நம் ஆள். கதையை எங்கெங்கே கெடுத்துவிட்டார்கள் என்று தொடங்கியவன், கீழேயிருந்து கூப்பிடுகிறவரை நிறுத்தவில்லை. நடுவில் அவள், "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள். "இருங்க, இதை மட்டும் முடிச்சுக்கிடுதேன்," என்றான். முடிக்கவில்லை.

இறங்கும்போது அவள் நின்றாள். "அந்த கேமை எனக்கு ஒரு தடவை ஆடிக் காட்டுவீகளா? அதைப் பாத்துட்டு எங்கப்பாகிட்ட என் பதிலைச் சொல்றேன்."

பாலகணேஷ் பூரித்துப் போனான். தன் ஆட்டத்தைப் பார்த்து ஒரு பெண் மயங்கப்போகிறாள் என்றே நினைத்தான்.

அடுத்த வாரம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க ராஜபாளையம் வந்தார்கள். வழக்கமாகப் பெரியவர்கள்தான் வருவார்கள். வீட்டுக்குக் காற்று வருகிறதா, தண்ணி வருகிறதா, மாமியார் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். இவர்களோ பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

"பொண்ணே வீடு பாக்க வாரது எந்த ஊரு வழக்கம்?" என்றாள் யோகேஸ்வரி அத்தை. பாலகணேஷின் அப்பாவுக்குத் தங்கை. எந்தச் சம்பந்தத்திலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்காமல் அவள் எழுந்திருப்பதில்லை.

"வாழப்போறவ அவதானேம்மா," என்றார் சிவரஞ்சனியின் அப்பா ராக்கப்பன். அத்தை தட்டிலிருந்த காராச்சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு குடும்பமும் டிவி முன்னால் உட்கார, பாலகணேஷ் ஆடத் தொடங்கினான். கோட்டையைத் தாண்டினான், பாலத்தைத் தாண்டினான், வார்கெல் வந்தான். வார்கெல் வாயைத் திறந்ததும் பாலகணேஷின் கட்டைவிரல் பட்டனை அமுக்கியது. காட்சி ஓடிப்போயிற்று, அவன் முதல் வெட்டு வெட்ட, சண்டை ஆரம்பமாயிற்று.

"அவன் என்னமோ சொல்ல வந்தானே," என்றாள் சிவரஞ்சனி.

"அது ஒன்னுமில்ல. சும்மா பேசுவான்."

"என்ன பேசுவான்?"

என்ன பேசுவான்? பாலகணேஷுக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் விளையாடப் பழகியது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் காசிராஜன் நடத்திய கேம் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. சண்டைக்கு நடுவே ஆட்கள் பேசுகிற காட்சி வந்தால், பின்னால் காத்து நிற்கிற கூட்டம் பொறுக்காது. "ஏலே, அவனைப் பேசவிட்டு வேடிக்கை பாக்காத, தாண்டு," என்று முதுகில் தட்டும். அந்தக் கடையில் தேறிய ஒருத்தனும் எந்த விளையாட்டின் கதையையும் கேட்டதில்லை. யாராவது கதை என்னவென்று கேட்டால், காசிராஜன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் கதவைத் திறந்துவிட்ட துரோகி. வெட்டுங்கலே," என்பார். அவரும் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. அட்டைப்படத்தில் வார்கெலுடைய மீசையைப் பார்த்து முடிவு செய்திருந்தார். அதுவே கடைக்கு வேதம். பிற்பாடு சொந்தமாக எல்லாம் வாங்கி வீட்டில் வைத்து ஆடினாலும், பாலகணேஷின் கட்டைவிரல் மட்டும் காசிராஜன் கடையிலேயே நின்றுவிட்டது.

"கேப்போமே," என்றாள் சிவரஞ்சனி.

மறுபடி முதலிலிருந்து வந்தான். இந்தத் தடவை கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டான். வார்கெல் இங்கிலீஷில் பேசினான், சிவரஞ்சனி பெரியவர்களுக்காக அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கதவை நான்தான் திறந்தேங்கான். உள்ள சனம் பட்டினியில செத்துக்கிட்டிருந்துச்சாம், அதுக வெளிய போகட்டும்னு திறந்தானாம். எதிரி நுழைஞ்சது பொறவுதானாம். இந்தா, வாளை எடுத்துக்கோங்கான். உன்னை எதுத்து நிக்க மாட்டேன், பின்னால வார கிழவிக ஆத்தைத் தாண்டுற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோங்கான்."

திரையில் வார்கெல் வாளைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டான். அறையில் யாரும் காராச்சேவைக் கடிக்கவில்லை.

"ஆனா அவன் நம்ம மேல பாய்வான்," என்றான் பாலகணேஷ். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நீ முதல்ல வெட்டுனா பாயாம என்னலே செய்வான்?" என்றார் அவன் அப்பா ஐயாதுரை. "இம்புட்டு நாளா இந்த மனுசனையா வெட்டிக்கிட்டிருந்த?"

"பாவம்," என்றாள் அம்மா மகாலட்சுமி. "ரெண்டு வார்த்தை பேசவிட்டா உனக்கு என்னய்யா குறைஞ்சு போகுது?"

"கிழவிக தாண்டிட்டாகளா?" என்று கேட்டாள் யோகேஸ்வரி அத்தை. அவளுக்கு அது தெரியாமல் எழுந்திருக்க மனமில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். சிவரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பாலகணேஷைச் சுட்டது. அவள் போகும்போது சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தத் தொடரையும் முழுசாப் பாருங்க."

பார்த்தான். வேலை முடிந்து வந்து தினமும் பார்த்தான். ஐயாதுரையும் கூடவே உட்கார்ந்தார். ஆற்றங்கரை எபிசோடில் இரண்டு பேர் கண்ணிலும் நீர் வந்தது. மில்லில் பஞ்சுத்தூசி விழுந்துவிட்டது என்றான் மகன். அப்பா மில்லுக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகிறது, ஆனாலும் அவரும் அதையே சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தகவல் வரவில்லை. யோகேஸ்வரி அத்தையிடமிருந்து வந்தது.

"மம்சாபுரத்துல என் நாத்தனா சொல்லுதா, அது போன வருஷம் நிச்சயம் பண்ணி நிறுத்துன பொண்ணாம். மறுநாளே வேண்டாம்னு சொல்லுச்சாம். வேற எவன்கூடவோ பழக்கம் இருந்திருக்கும். இல்லாம எந்தப் பொண்ணு அப்படிச் சொல்லும்?"

மகாலட்சுமி மகனைப் பார்த்தாள். பாலகணேஷுக்கு எவனோ ஒருத்தனை நினைத்துப் பொறாமை வந்தது, அதை மறைப்பானேன். அன்றைக்குச் சாயங்காலமே ராக்கப்பன் பாலகணேஷுக்குப் போன் செய்தார். வருகிற சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போகிறோம், பொண்ணு உங்களிடம் பேச வேண்டும் என்கிறது, வர முடியுமா என்று கேட்டார்.

கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ராக்கப்பன் குடும்பத்தோடு மேலே ஏற, சிவரஞ்சனி அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் நின்றாள். பாலகணேஷ் பைக்கை விட்டுவிட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"பாத்தீகளா?" என்று கேட்டாள்.

"முழுசும் பாத்தேன்."

"பாக்கலாமா, வேண்டாமா?"

வாழ்நாளெல்லாம் அவன் காத்திருந்த கேள்வி. நாக்கு நுனி வரைக்கும் தீர்ப்பு வந்துவிட்டது. "நீங்க சொல்லுங்க," என்றான்.

அவள் சொன்னாள். நடுவில் ரொம்ப இழுவை என்றாள். குதிரைகளெல்லாம் ஆடு மாதிரி இருக்கின்றன என்றாள். சண்டை ஒன்றும் கேமில் இருக்கிற அளவுக்கு இல்லை என்றாள். இதையெல்லாம்தானே நான் மொட்டை மாடியில் சொன்னேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது பாலகணேஷுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் முகம் படுகிற பாட்டை அவள் கவனித்தாள், வேண்டுமென்றே குதிரைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"ஆனா அந்த ஆத்தங்கரை எபிசோடுக்காகப் பாக்கலாம்," என்று முடித்தாள். "கோட்டையில எல்லாரும் அவனைப் பத்திப் பேசுறாங்க. அவன் வாயால ஒருத்தரும் கேக்கலை."

அவள் முகத்தில் விளையாட்டு போய்விட்டது.

"எங்களைப் பத்தி உங்க வீட்டுக்கு ஏதாவது சேதி வந்திருக்கும்."

"வந்துச்சு."

"உங்களுக்கு முன்னால வந்த ரெண்டு பேர்கிட்ட நானே சொல்ல ஆரம்பிச்சேன். நிச்சயம்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் ஒருத்தர் எந்திரிச்சுட்டாரு. இன்னொருத்தர், பழசெல்லாம் எதுக்குன்னு பெருந்தன்மையா வாயை அடைச்சுட்டாரு. மன்னிச்சுட்டாராம். என்னத்தை மன்னிச்சாருன்னு அவருக்கே தெரியாது."

"சொல்லுங்க," என்றான் பாலகணேஷ்.

"நிச்சயத்தன்னைக்குப் பந்தியில ஒரு பெரியவரு தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாரு. கை நடுங்குது அவருக்கு. மாப்பிள்ளை சட்டையில கொஞ்சம் சிந்திருச்சு. மாப்பிள்ளை எந்திரிச்சு அந்தப் பெரியவரைக் கன்னத்துல அறைஞ்சாரு. சத்தம் பந்தி முழுக்கக் கேட்டுச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பாயசம் போடுங்கன்னாங்க. நானும் பேசாமத்தான் உக்காந்திருந்தேன். காலையில எங்கப்பாகிட்ட வேண்டாம்னு சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதை போயிருச்சு, அதனால எனக்கு ஒரு ஆளைக் கட்டி ஊரு பூரா கதை விட்டாக. எங்கப்பா, இதை யார்கிட்டயும் சொல்லாத, கிளறுனா நாறும்னாரு. இம்புட்டுதான்."

மேலேயிருந்து கோவிந்தா என்ற சத்தம் இறங்கி வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுடைய தீர்ப்புக்காக நின்றாள்.

"அந்தப் பெரியவரு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டான் பாலகணேஷ்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை.

"சுந்தரபாண்டியத்துல, மக வீட்டுல. தனுஷ்கோடின்னு பேரு. பந்தி வேலைக்கு இப்ப போறதில்ல. நான் அப்பப்ப போயிப் பாப்பேன்."

"நம்ம கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடணும். தண்ணி ஊத்த இல்ல. உக்காந்து சாப்பிட."

அவள் உதடு கோணிக்கொண்டது. பாலகணேஷ் பயந்துபோனான்.

"அவசரப்பட்டுட்டேன். நீங்க சரின்னு இன்னும் சொல்லல," என்றான். "முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே அம்புட்டையும் நீங்களே சொல்லுங்க. முடிக்கிற வரைக்கும் எங்கப்பாவ நடுவுல பேசவிடாம நான் பாத்துக்கிடுதேன்."

"நாளைக்கு வாரேன்," என்றாள் சிவரஞ்சனி. "உங்க அத்தையையும் வரச் சொல்லுங்க."