கில்ட் கட்டிய தகப்பன்

நம்மவர்கள் கடல் தாண்டும்போது எதை விட்டுவிட்டு வந்தாலும் ‘சனம் என்ன சொல்லும்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு வருவதில்லை. அதற்கு விமானத்தில் நிறை போடுவதும் இல்லை. மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் வீடு வாங்கி, முன்னால் புல்லும் பின்னால் கறிவேப்பிலையும் வளர்த்துக்கொண்டிருந்த இரஞ்சிதத்தின் வீட்டிலும் அது ஒரு கதிரையைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. அவளுடைய கணவர் கேதீஸ்வரன் கில்ட் கட்டத் தொடங்கிய பிறகு வீடு முழுக்க அதன் ஆட்சிதான்.

கில்ட் என்றால் ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளித் துணி. பின்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும். முழங்காலோடு நின்றுவிடும். அவர்களே அதைக் கலியாணம், கொண்டாட்டம் என்றால்தான் வெளியில் எடுப்பார்கள். கேதீஸ்வரன் பால் வாங்கப் போவதற்கும் கட்டினார். பச்சையும் நீலமுமாய் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று, மாற்றி மாற்றி. கீழே தடித்த காலுறை, சப்பாத்து. மேலே, இரஞ்சிதம் எந்தக் காலத்திலோ வாங்கிக் கொடுத்த ஸ்வெற்றர்.

இது அவருக்குப் பிடித்த கிறுக்கு என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன, பேச வாய் இருக்கிறது. அவர் வேலை செய்த கிடங்கில் அடுக்கியிருந்த சாமான் ஒருநாள் சரிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. தொடையிலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை சதை கிழிந்து, மற்றக் காலிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு கால்சட்டை போட்டால் அதன் தையல் உரசி உரசி அந்தத் தோல் கசியும். தினமும் நடக்கவும் வேண்டும். நடக்காமல் இருந்தால் ஒட்டிய தோல் இறுகிக் காலை மடக்கிவிடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே மனிதர் உரசாத சாரத்தோடு, அதுதான் கைலியோடு, நடக்கப் போனார்.

அதை நிறுத்தியவள் இரஞ்சிதம்தான். "சாரத்தோடயோ ஷொப்பிங் சென்டருக்குப் போட்டு வாறியள்? இதென்ன சந்தைக்கடையே? வெளியில போறதெண்டா மரியாதையா ஏதும் கட்டிக்கொண்டு போங்கோ" என்று கத்தினாள்.

கேதீஸ்வரன் சொன்னதைச் செய்கிற மனிதர். பழைய உடுப்பு விற்கிற தரும நிலையக் கடையில் தொங்கிய இரண்டு கில்டுகளைக் கண்டு வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றைக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"மரியாதையான உடுப்புத்தானே கேட்டனீர்? இந்த நாட்டில இதுக்கு மேல மரியாதை இல்லை" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சாரத்தோடு ரயில் ஏறினால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் தன் பையை மடிக்கு எடுத்துக்கொள்வார். கில்டோடு ஏறினால் அதே ஆள் சிரித்துக்கொண்டு கதை கொடுப்பார். இரண்டும் இடுப்பில் சுற்றிய துணிதான். நரைத்த வெள்ளைக்காரர்கள் வழியில் மறித்து, "நீங்கள் எந்தக் குலம்?" என்று கேட்பார்கள். ஸ்கொட்லாந்தில் குலத்துக்கு ஒரு கட்டமாம். "கைதடிக் குலம்" என்று யாழ்ப்பாணத்தில் தான் பிறந்த ஊரின் பேரை இவர் முகம் மாறாமல் சொல்வார். அவர்களும் அது ஏதோ வடக்கே இருக்கிற தீவாக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். விபத்துக்குப் பிறகு வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். சிரிக்கிறாரே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஏனென்றால் நம்மவர்கள் அவருக்குப் ‘பாவாடை அங்கிள்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கோவில் கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தது இரஞ்சிதத்தின் காதில் விழுந்தது. வேலையே கதியென்று கிடந்த அவரை அங்கே முகம் தெரிந்தவர்கள் குறைவு, யாருடைய கணவர் என்று தெரியாமல்தான் சிரித்தார்கள். அவளும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றிலிருந்து கோவிலுக்கும் கலியாணங்களுக்கும் தனியாகவே போய்வந்தாள். "எங்க அவர்?" என்று யாராவது கேட்டால் "அவருக்கு ஏலாது" என்பாள். விபத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் துருவவில்லை. "பாவம், படுக்கையோ?" என்று ஒருத்தி கேட்டபோது, "ஓம்" என்று தலையாட்டிச் சொல்லிவிட்டாள். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. அதுதான் அவளுடைய கெட்ட காலம்.

மகள் ராகவிக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தபோது அந்த ‘ஓம்’ அவளுக்கு முன்னால் போய் நின்றது. ராகவி சிட்னியில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மாப்பிள்ளை பிரஷாந்தனும் சிட்னிதான். அவனுடைய தாய்தகப்பன் மெல்பேர்னின் மறுகோடியில், ட்ருகனினாவில் இருந்தார்கள். பெண்ணின் தகப்பன் படுக்கையில் என்று அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அ கில்ட். உண்மையச் சொல்லுங்கோவன்" என்றாள் ராகவி போனில்.

"நீ பிரஷாந்தனிட்ட என்ன சொன்னனீ?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னனான்" என்றாள் மகள்.

மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினசிங்கம் எதையும் ஒளிவுமறைவில்லாமல் கேட்பவர். "தங்கச்சி, தகப்பன் ஏலாதவர் எண்டா ஆர் தாரை வார்க்கிறது?" என்று போனில் கேட்டார். தகப்பனும் தாயும் சோடியாக நின்று மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்க்க வேண்டும். தகப்பன் நிற்க முடியாவிட்டால் தாயும் விலகி, வேறொரு சோடிக்கு இடம் விட வேண்டும். "என்ர தம்பி கீர்த்தனனும் பெண்சாதியும் நிப்பினம்" என்றாள் இரஞ்சிதம். தன் இடத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

கேதீஸ்வரனுக்கு இது எதுவும் தெரியாது. சம்பந்தம் பேசுகிறோம் என்பது மட்டும் தெரியும். அவர்கள் முதல்முறை வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை, "இண்டைக்குப் பொம்பிளையளின்ர கூட்டுப் பிரார்த்தனை. நீங்கள் பின்னேரம் வரைக்கும் எங்கயாலும் போட்டு வாங்கோ" என்று அவரை அனுப்பினாள். அவர் பச்சைக் கில்டைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் போனார். வந்தவர்கள் கேட்டால் சொல்ல, தகப்பனைச் சோதனைக்காக ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள் என்று இன்னொரு பொய்யும் தயாராக இருந்தது.

இரத்தினசிங்கமும் மனைவியும் வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர் உரத்த குரலில் தொடங்கினார்.

"தங்கச்சி, வெறுங்கையோட வரக்கூடாதெண்டு உங்கட ஷொப்பிங் சென்டரில இறங்கினனாங்கள். அங்க ஒருத்தர், எங்கட ஆள், கில்ட் கட்டிக்கொண்டு நிக்கிறார்! நான் சிரிச்சுப்போட்டன். ஆனா என்ன மனுசன்! பழம் பாத்து எடுத்துத் தந்து, கார் வரைக்கும் தூக்கிக்கொண்டும் வந்தார். கால் வேற கொஞ்சம் ஏலாது போல."

இரஞ்சிதம் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஆற்ற வீட்ட போறியள் எண்டு கேட்டார். இரஞ்சிதம் எண்டு சொன்னன். சம்பந்தம் பேசப் போறம், பொம்பிளையின்ர தகப்பன் பாவம், படுக்கையில, தாய்மாமன்தான் தாரை வார்க்கப் போறார் எண்டு எல்லாம் சொன்னன். நான் ஒரு ஓட்டைவாய்தானே. ஆள் ஒண்டும் பேசேல்லை. பிறகு, ‘அது நல்ல பிள்ளை, தயங்காமச் செய்யுங்கோ’ எண்டு மட்டும் சொன்னார். அவருக்கு உங்களைத் தெரியும் போல. ஆர் அவர்?"

அந்த நேரத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர்தான் என்ர மனுசன் என்று மூன்றே வார்த்தை. இரத்தினசிங்கம் வெடித்துச் சிரித்திருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். ஆனால் பொய் சொன்ன வீடு என்று எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம் அவளை விடவில்லை.

"தெரியாது" என்றாள். "இஞ்ச கனபேர் இருக்கினம்."

கேதீஸ்வரன் பொழுதுபட்ட பிறகுதான் வந்தார். அவர் சண்டை போடுவார் என்று அவள் காத்திருந்தாள். போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "நல்ல சனம்" என்றார்.

"இஞ்சருங்கோ..."

"கலியாண மேடைக்கும் கில்டோட வந்து நிப்பன் எண்டோ நினைச்சனீர்? கேட்டிருந்தா வேட்டி கட்டியிருப்பன்தானே. நானென்ன விசரனே?"

ஒருநாள், ஒரே ஒருநாள், அவரிடம் அதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேட்டி தையல் இல்லாத துணி. அது அவருடைய காலையும் உரசாது.

"நான் இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லுறன்" என்று எழுந்தாள்.

"வேண்டாம். பிள்ளையும் அந்தப் பெடியனிட்ட உதையேதான் சொல்லியிருப்பாள், அதுவும் பொய்யெண்டு தெரியவரும். தொடங்க முதலே அவளுக்கு அந்தப் பேர் வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "அந்த மனுசன் என்ர முகத்தை வடிவாப் பாத்திட்டுது. நான் கலியாணத்துக்கு வரேல்லை. ஏலாதவனாவே இருந்திட்டுப் போறன்" என்றார்.

அடுத்த நாள் கில்டுகள் இரண்டையும் துவைத்துக் காயவைத்து, வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதுதான் அவர் கடைசியாக வெளியில் போனது. பிறகு சாரத்தோடு உள் அறையில் இருந்தார். முதலில் கதிரையில், பிறகு கட்டிலில். கோபம் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார், போட்டதைச் சாப்பிட்டார்.

இரஞ்சிதம் கெஞ்சினாள். கடைக்கு ஓடிப்போனாள், கில்டுகள் விற்றுப்போயிருந்தன. பட்டணத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து அவருடைய காலடியில் வைத்தாள். "இதைக் கட்டிக்கொண்டு றோட்டால ஒருக்கா நடந்திட்டு வாங்கோவன். நானும் கூட வாறன். ஆர் பாத்தாலும் பாக்கட்டும்" என்று அழுதாள்.

"ஏலாதவனுக்கு என்ன நடை?" என்றார் அவர். குத்திச் சொல்லவில்லை. அலுப்போடு சொன்னார். அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

டொக்டர் சொன்னது போலவே தோல் இறுகியது. குளிர்காலம் முடிவதற்குள் வலது முழங்கால் மடிந்து நின்றுவிட்டது. கழிவறைக்குப் போகவும் இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருந்தது. தாடி வளர்ந்து, முகம் வற்றிப்போயிருந்தது. கலியாணத்துக்காக இரஞ்சிதம் சிட்னிக்குப் புறப்பட்டபோது, சம்பளத்துக்கு வைத்த தாதி ஒருத்தி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "பிள்ளையை நான் கேட்டதாச் சொல்லும்" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஐயர் பெண்ணின் தாய்தகப்பன் இடத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டார். கீர்த்தனனும் மனைவி வைதேகியும் மேடையேறினார்கள். ராகவி கூட்டத்துக்குள் தாயைத் தேடினாள். கண் மை கரைந்திருந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போக, கீர்த்தனன் அவளுடைய கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தான். வைதேகி நீர் வார்த்தாள்.

முன்வரிசையில் பக்கத்தில் இருந்த இரத்தினசிங்கம் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரஞ்சிதத்தின் பக்கம் சரிந்தார்.

"தகப்பனுக்கு இதைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லையே, தங்கச்சி. மெல்பேர்னுக்குத் திரும்பினதும் நாங்கள் எல்லாரும் வந்து பாக்கிறம். எழும்பி இருந்து நாலு வார்த்தை கதைப்பாரோ?"

வந்து பார்த்தால் கேதீஸ்வரனின் முகத்தை அடையாளம் பிடிப்பாரோ என்ற பயம் அவளுக்கு இப்போது இல்லை. பிடித்தால் பிடிக்கட்டும். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லை அண்ணை" என்றாள். "அவருக்கு எழும்ப ஏலாது."

அவரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.